பின்பாட்டுக் கடற்கரை

கடற்கரை என்று பெயர் வைத்தார்களே தவிர, அவன் கடலைப் பார்த்தது ஒரே ஒரு தரம். அதுவும் பாகவதர் திருச்செந்தூருக்கு முடியிறக்கப் போனபோது துணைக்குப் போனதில். மற்றபடி பிறந்ததும் வளர்ந்ததும் மலையடிவாரத்துத் தென்காசி. தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. வெறும் பெயரைச் சொன்னால் அவனை யாருக்கும் தெரியாது. “சிவசுப்பிரமணிய பாகவதருக்குப் பின்னால உக்காருவானே, அவன்” என்று சொன்னால், செங்கோட்டையிலிருந்து சுரண்டை வரைக்கும், “ஓ, அந்தப் பையனா?” என்பார்கள். தலை நரைத்த பிறகும் பையன்தான். பின்னால் உட்காருகிறவனுக்கு ஊர் வயது கொடுப்பதில்லை.

பின்பாட்டு என்றால் என்ன என்று சொல்லித்தான் ஆகவேண்டும். பட்டணத்தில் சங்கீதத்தைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகம் போடுகிறார்கள். ராகத்துக்கு அதில் இடம் இருக்கிறது, தாளத்துக்கு இடம் இருக்கிறது, பின்பாட்டுக்காரனுக்கு அரைப் பக்கம் கிடையாது. மேடைக்குக் கீழே சம்மணம் போட்டு விடிய விடியக் கேட்ட தென்காசிக்காரனுக்குப் புத்தகம் எதற்கு? இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவனும் சொல்லிவிடுவான். பாடகர் முன்னால் இருப்பார். அவர் முதுகுக்குப் பின்னால், தோள் ஓரமாக, இன்னொருத்தன் இருப்பான். பாட்டைத் தொடங்குகிற எடுப்பு பாடகருடைய சொத்து. வரி பாதி போன பிறகு பின்பாட்டுக்காரன் சேர்ந்துகொள்வான். பாடகர் மூச்சு வாங்குகிற இடத்தில் பாட்டு பள்ளம் விழாமல் இவன் குரல் நிரப்ப வேண்டும். ஆகவே அவர் மூச்சு வாங்கும்போது இவன் வாங்கக் கூடாது. ராகம் பாடும்போது அவர் விட்ட வாலை மட்டும் மெல்ல ஒரு தரம் திருப்பிச் சொல்லலாம். தலையைத் தொடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, மேடையில் இரண்டு குரல் இருக்கிறது என்று சபைக்குத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் பின்பாட்டுக்காரன் தோற்றான்.

கடற்கரை ஒரு நாளும் தோற்கவில்லை. அவன் கெட்டதே அதனால்தான்.

அவனுக்கு என்று ஒரு குரல் இருந்தது. நாலு கட்டைச் சுருதி. மார்கழி பஜனையில் அவன் வாயைத் திறந்து அகாரம் பிடித்தால், பெரிய கோயில் மொட்டைக் கோபுரத்து வாசலில் அடிக்கிற காற்றையும் கிழித்துக்கொண்டு போகும். மேலே போய் நின்றால் கீழே இறங்க மனம் வராது. கொஞ்சம் முரடு, கொஞ்சம் அவசரம், ஆனால் அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம். ஐம்பதாம் வருச ஆடிச் சாரலில் குற்றாலத்தில் லாட்ஜு வைத்திருக்கும் அய்யாத்துரையின் பங்களாவில் யாரோ அவனை ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள். பாகவதர் அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்தவர், அப்படியே நின்று கேட்டார்.

“ஏலே, ஒன் கொரல் பச்சை மூங்கிலு. இன்னும் காயணும். ரெண்டு சாரலுக்கு எனக்குப் பின்னால உக்காரு. மூணாஞ் சாரல்ல இதே எடத்துல, ஒன் பேரை நோட்டீசுல போட்டு, நானே ஒன்னை ஒக்கார வைக்கேன்” என்றார்.

கடற்கரைக்கு வேண்டியது அது ஒன்றுதான். நோட்டீசில் தன் பெயர், மேடையில் தன் குரல், ஒரே ஒரு சாயங்காலம். வீடு கேட்கவில்லை, வயல் கேட்கவில்லை.

மூன்றாம் சாரல் வந்தது. “இந்த வருசம் கூட்டம் சரியில்லலே” என்றார் பாகவதர். நாலாம் சாரலில், “தொண்டை இன்னும் கனியல” என்றார். அதற்கடுத்த வருசம் அவன் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பாகவதர் கெட்ட மனிதர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தன் இலையில் விழுந்த வடையை எடுத்து அவன் இலையில் வைக்கிற மனிதர். ஆனால் மழை பெய்யும்போது குடையை இரவல் கொடுக்கிறவன் எந்த ஊரில் இருக்கிறான்? சொந்தக் கையை ஊன்றி எழுந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: இடத்தை எவனும் தரமாட்டான், நாமாகத்தான் போய் உட்கார வேண்டும். கடற்கரைக்கு அது தெரியவில்லை. தெரிந்தாலும் செய்யமாட்டான். பாகவதர் அண்ணாச்சியே சொல்லட்டும் என்று இருந்தான்.

பாகவதருக்கு வயது ஏற ஏறச் சுருதி இறங்கியது. மூன்று கட்டையாக இருந்தது இரண்டரை ஆயிற்று, இரண்டாயிற்று, கடைசியில் ஒன்றரையில் வந்து நின்றது. முன்னால் இருப்பவர் இறங்கினால் பின்னால் இருப்பவனும் இறங்கத்தானே வேண்டும்? கிழவர் ஒருவரின் தொண்டைக்குள் முப்பது வயதுக்காரன் குனிந்து குனிந்து நடந்தான். சுருதியோடு போயிருந்தால் பரவாயில்லை. பாகவதர் எந்நேரமும் இடது கன்னத்தில் வெற்றிலையை அதக்கி வைத்துக்கொண்டு பாடுவார். அதனால் அவருடைய அகாரம் திறந்து வராது, கொஞ்சம் ஓகாரம் கலந்து உருண்டு வரும். கடற்கரை வெற்றிலையே போடாதவன். ஆனால் அவன் அகாரமும் உருண்டது. பிறகு பாகவதருக்கு முன்பல் ஒன்று விழுந்தது. ‘ச’ வரும் இடத்திலெல்லாம் லேசாக ஒரு விசில் வந்தது. அடுத்த கச்சேரியிலேயே பின்னால் இருந்தும் அந்த விசில் வந்தது.

அவன் மனைவி உலகம்மை, தாய்மாமன் மகள், அடுக்களையிலிருந்து கேட்டுவிட்டுச் சிரித்தாள். “பல்லு முப்பத்திரெண்டும் முத்து மாதிரி இருக்கு. பொக்கைவாய்க் கெழவன் மாதிரி பாடுதிய!”

“ஏட்டி, அதுதான் வித்தை. ஒனக்கு என்ன தெரியும்?” என்றான். அன்றைக்கு அவனுக்கு அதில் பெருமைதான்.

ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பதாம் வருசத்தில் பாகவதருக்கு மேல் ஸட்ஜம் போய்விட்டது. முதலில் கள்ளக் குரலில் தொட்டுப் பார்த்தார். மூக்கோடு ஒட்டி நூலாக வந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு, யாரும் பேசி வைக்காமலே ஒரு ஏற்பாடு உண்டாயிற்று. மேலே போகிற இடம் வந்ததும் பாகவதர் கண்ணை மூடி, வாயைத் திறந்து, வலது கையை உயரத் தூக்குவார். சத்தம் பின்னாலிருந்து போகும். போய் நிற்கும். சபை, “ஆகா, இந்த வயசுல என்ன சாரீரம்!” என்று கைதட்டும். பாகவதர் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வார். கச்சேரி முடிவில் ரோஜா மாலையும் அவர் கழுத்துக்குப் போகும்.

ஊரில் இதைத் தெரிந்தவன் ஒருத்தன் உண்டு. மைக்செட் போடுகிற சேக் மைதீன். பாய் வீட்டுப் பிள்ளையும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஒரே தெருவில் கோலிக்குண்டு ஆடியவர்கள். அவன் இவனை மாப்பிள்ளை என்பான், இவன் அவனை மாமா என்பான். புளியறையில் ஒரு கல்யாணக் கச்சேரி முடிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது சேக் மைதீன் பக்கத்தில் வந்தான்.

“மாப்ளே, ஊரை ஏமாத்தலாம். மைக்கை ஏமாத்த முடியாது. மேல போற சத்தம் எங்கன இருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். அடுத்த கச்சேரில மைக்கை ஒம்பக்கம் ஒரு சாண் திருப்பிரட்டா?”

“வேண்டாம் மாமா. தெரிஞ்சா அண்ணாச்சி செத்துருவாரு.”

“அவரு சாவ மாட்டாருலே. நீதான் செத்துக்கிட்டிருக்க.”

“போ மாமா. அடுத்த சாரல்ல எனக்குத்தான் கச்சேரி. அண்ணாச்சி மறக்க மாட்டாரு.”

வீட்டுக்கு வந்து உலகம்மையிடமும் அதையே சொன்னான். அவள் முறத்தைத் தட்டிக்கொண்டே, “கழுத்து நரம்பு வெடிக்கப் பாடுதது நீங்க, மாலை வாங்குதது அவரு. இதுல சாரலாம் சாரலு! அது நமக்காவா பெய்யுது அத்தான்? மலைக்குல்லா பெய்யுது” என்றாள்.

அறுபத்துமூன்றாம் வருசம் தை மாதம் பாகவதர் காலைப் பலகாரம் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர், முற்றத்தில் விழுந்தார். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. கடற்கரை பெற்ற பிள்ளை மாதிரி அழுதான். அந்த அழுகையில் ஒரு ஓரமாக, தனக்கே வெட்கமாக, இன்னொரு நினைப்பும் வந்தது. இனி நம் முறை.

வைகாசி கடைசியில் அய்யாத்துரையே தேடி வந்தார். “ஆடியில பங்களாவுக்கு முன்னால பந்தல் போடுதோம். சாயங்காலம் நாலு மணிக்குக் கச்சேரி. பாகவதர் எடத்துல நீரு பாடும். நோட்டீசுல உம்ம பேருதான்” என்றார். கடற்கரை தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். உலகம்மை காப்பியில் இரண்டு கரண்டி சர்க்கரை கூடப் போட்டுக் கொண்டுவந்தாள்.

மறுநாளே தறி அறையில் சுருதிப் பெட்டியை எடுத்து வைத்து, நாலு கட்டையைத் திறந்தான். தன் சுருதி. குரலை மேலே ஏற்றினான். பாதிப் படி ஏறியதும் அது முறிந்தது. மறுபடி ஏற்றினான். மறுபடி முறிந்தது. மூன்று கட்டை வைத்தான், இரண்டரை வைத்தான். ஒன்றரைக்கு வந்த பிறகுதான் குரல் சுகமாகப் படுத்தது. அங்கே இருந்துகொண்டு பாகவதருக்காக மேலே போன குரல்தான் அது. பாகவதருக்காக என்றால் போகும், தனக்காக என்றால் போகவில்லை.

சரி, சுருதி போனால் போகட்டும், பாட்டாவது தன்னுடையதாக இருக்கட்டும் என்று உட்கார்ந்தான். வாயைத் திறந்தால் ஓகாரம் உருண்டது. கன்னத்தில் வெற்றிலை இல்லையே என்று விரலை விட்டுப் பார்த்துக்கொண்டான். ‘ச’ வருகிற வார்த்தைகளைத் தவிர்த்துப் பாடினான். பல்லவி தொடங்கும் முன் பாகவதர் தொண்டையை இரண்டு தரம் கனைப்பார். கனைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தான். கனைக்காமல் பாட்டு வரவில்லை. குழித்தறியில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்தபடி அப்படியே இருந்தான். உலகம்மை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவளும் அப்போது சிரிக்கவில்லை.

ஆடிச் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. பந்தலுக்கு மேலே தகரம் போட்டிருந்தார்கள். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், லாட்ஜுக்கு வந்த வெளியூர்க்காரர்கள், பாகவதரை வருசம் தவறாமல் கேட்கிறவர்கள் என்று நல்ல கூட்டம். முன்வரிசையில் பங்களாத் தெரு வடிவம்மாள் இருந்தாள். அந்த அம்மாள் பாகவதர் கச்சேரி ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. பிடில்காரரும் மிருதங்கக்காரரும் உட்கார்ந்தார்கள். கடற்கரை மேடையேறிக் கும்பிட்டான். நேரே போய், பிடிலுக்கும் மிருதங்கத்துக்கும் பின்னால், தோள் ஓரத்து இடத்தில் உட்கார்ந்தான்.

கூட்டம் சிரித்தது. மேடை ஓரத்திலிருந்து சேக் மைதீன் குனிந்து, “மாப்ளே, மைக்கு இங்கன இருக்கு” என்றான்.

அவன் எழுந்து முன்னால் வந்தான். காது சிவந்துவிட்டது. சுருதி சேர்ந்தது. மிருதங்கக்காரர் கையைத் தூக்கிக் காத்திருந்தார். பிடில்காரர் வில்லை வைத்துக் காத்திருந்தார். கடற்கரையும் காத்திருந்தான். யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று அவனுக்கே ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. பிடில்காரர் வாய்க்குள்ளேயே, “எடுமய்யா” என்றார்.

எடுத்தான். இரண்டு தரம் கனைத்துக்கொண்டு எடுத்தான். முதல் வரி முடியவில்லை, வடிவம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “பாகவதரேல்லா!” என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். அது வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. பாட்டு முடிந்ததும் கைதட்டல் தகரத்தில் பட்டுத் திரும்பியது. இதுவரை அவன் கேட்ட கைதட்டல் எல்லாம் இவ்வளவு நேராக அவன் முகத்தில் வந்து விழுந்ததில்லை. அப்போதும் அது அவனைத் தாண்டி வேறு யாருக்கோ போய்க்கொண்டிருந்தது.

அவனுக்கு வீம்பு வந்தது. பாகவதர் ஆயுளில் தொடாத ராகம் ஒன்று உண்டு, சகானா. “அது அழுமூஞ்சி ராகம்லே” என்று ஒதுக்கிவிடுவார். அதை எடுத்தால் காப்பியடிக்க ஆள் கிடையாது. வருவது எதுவானாலும் அது கடற்கரையாகத்தான் இருக்க வேண்டும். அதைத்தான் பாடுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தான்.

ராகத்தில் ஒரு துண்டு, ஒரு பிடி பாடினான். சின்னப் பிடி, அழகாகத்தான் வந்தது. நிறுத்தினான். பிடில் அதை வாங்கி வாசித்தது. அடுத்ததற்கு வாயைத் திறந்தான். வந்தது புதிது இல்லை, முன் பாடியதன் வால். அதற்கடுத்து அந்த வாலின் வால். தலை எங்கே என்று மனசுக்குள் தேடினான். வருசக்கணக்காகத் தொடக்கூடாது என்று வைத்த இடம் அது, அங்கே போகத் தொண்டைக்கு வழி தெரியவில்லை. மூச்சு வாங்கினான். அவன் மூச்சு வாங்கும்போது பாட்டு அறுந்து கிடந்தது. எல்லாப் பாடகனுக்கும் அப்படித்தான் அறும், சபைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பள்ளத்தை நிரப்புவதையே பிழைப்பாக வைத்திருந்தவன் காதில் அது பாதாளமாக விழுந்தது. அவசரமாக மூச்சை இழுத்தான். இன்னும் குட்டையாயிற்று பிடி. கடைசியில் ஒரே ஒரு ஸ்வரத்தில் வந்து நின்று, அதுவும் கரைந்து, வாய் திறந்தபடி இருந்தான்.

தகரத்தில் சாரல் விழுகிற சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “பாகவதர் தோடியைப் பாடும்!” என்று வந்தது. கெட்ட எண்ணத்தோடு சொன்னதல்ல. “ஆமா, தோடி, தோடி” என்றார்கள்.

கடற்கரை தோடி பாடினான். மேல் ஸட்ஜம் வரும் இடத்தில் வலது கை தானாக உயர்ந்தது. கண் மூடிக்கொண்டது. வடிவம்மாள் விசும்பி விசும்பி அழுதாள். கச்சேரி முடிந்ததும் அய்யாத்துரை ரோஜா மாலையைப் போட்டு, மைக்கில் சொன்னார்: “பாகவதர் போயிட்டாருன்னு இனி யாரும் சொல்லப்படாது. அவரு கொரலு நம்மகிட்டதான் இருக்கு. வருசா வருசம் இதே நாளு, இதே பந்தலு!”

குற்றாலத்துக் கச்சேரிகளிலேயே அவ்வளவு பேர் பாராட்டிய கச்சேரி குறைவு என்று இன்றைக்கும் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அதுதான் கொடுமை. தோற்றிருந்தால் மறுபடி முயன்று பார்த்திருப்பான்.

சேக் மைதீன் பந்தலுக்குப் பின்னால் ஆம்பிளிபயரைச் சாக்கு போட்டு மூடிக்கொண்டிருந்தான். கடற்கரை மாலையைக் கழற்றிக் கையில் வைத்தபடி வந்தான்.

“மாமா, நீ எல்லாவனையும் மைக்குல கேட்டவன். உண்மையச் சொல்லு. இன்னைக்கு நான் பாடின எடம் எதாவது ஒண்ணு இருந்துச்சா?”

சேக் மைதீன் ஒயரைச் சுருட்டினான். சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்டினான். “எதுக்கு மாப்ளே இப்பம் அதெல்லாம்? கூட்டம் சந்தோசமாப் போகுது.”

“சொல்லு.”

“அந்தத் தோடிக்கு முந்தி, ஒண்ணும் வராம வாயத் தொறந்துக்கிட்டு இருந்தியே. அங்கன ஒருவேள நீ இருந்தியோ என்னவோ. எனக்குத் தெரியலலே. வா, வண்டி வந்துட்டு.”

வீட்டில் உலகம்மை சோறு வைத்தாள். மாலையை வாங்கிச் சாமி படத்தில் போடப் போனவளைத் தடுத்து, “உலகம்மா, நீ சின்னப் பிள்ளையா இருக்கும்போது பஜனையில என் பாட்டைக் கேட்டிருக்கேல்லா? அது எப்படி இருந்துச்சு?” என்றான்.

அவள் யோசித்தாள். அவளுக்கு அந்த வாசல் நினைவிருந்தது, பொங்கல் வாங்கக் கையை நீட்டியது நினைவிருந்தது, இவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றது நினைவிருந்தது. குரல் மட்டும் வரவில்லை. வந்தது பாகவதர் குரல்தான். தினம் தினம் காதில் விழுந்தது பழையதை மூடிவிட்டது.

“நல்லா இருந்துச்சு அத்தான்” என்றாள்.

அவள் சொன்ன விதத்திலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. சோற்றைப் பிசைந்தான். இந்த உலகத்தில் அந்தக் குரலுக்குச் சாட்சி என்று அவன் நம்பியிருந்தது அவள் ஒருத்தியைத்தான்.

அடுத்த ஆடியில் பந்தல் இன்னும் பெரிதாக இருந்தது. நோட்டீசில் பாகவதர் படம் பெரிதாக, கீழே பொடி எழுத்தில் ‘அன்னார் குரலில் கடற்கரை’ என்று இருந்தது. இந்தத் தரம் அய்யாத்துரை ஒரு புது ஏற்பாடு செய்திருந்தார். மதுரையில் ஓவியரிடம் சொல்லிக் கித்தானில் எழுதி வாங்கிய பாகவதர் படம் ஒன்று, ஆள் உயரம், ஜரிகை வேட்டியும் கடுக்கனுமாக. அதை மேடை நடுவில், மைக்குக்கு நேரே நாற்காலியில் நிறுத்தி மாலை போட்டிருந்தார். “சனங்க மொகத்தைப் பாத்துக்கிட்டே கேக்கட்டும். நீரு அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி இருந்துக்கிடும். வருத்தம் ஒண்ணும் இல்லியே?” என்றார்.

“இல்ல” என்றான் கடற்கரை.

மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் சேக் மைதீன் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். கடற்கரை அவனைப் பார்க்கவில்லை. படத்தைச் சுற்றிக்கொண்டு போய், அதற்குப் பின்னால், தோள் ஓரமாக உட்கார்ந்தான். சட்டத்தில் அடித்த ஆணியும் கித்தானின் முதுகும்தான் அவனுக்குத் தெரிந்தது. மிருதங்கக்காரர் கையைத் தூக்கினார். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. குரல் எந்தத் தடையும் இல்லாமல் வந்தது.